பிரிண்ட் சுமார்தான், ஆனா அம்மானோட பணம் தப்பிச்சது இந்தக் கடையிலதான்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டர் இருக்கு. பேரைப் போட வேணாம்னு அந்த அண்ணனே சொல்லிட்டாரு, "இருக்குற கூட்டத்துக்கே டீ குடிக்க நேரம் இல்ல தம்பி, நீங்க வேற எழுதி ஆளைக் கூட்டிவிட்றாதீங்க"ன்னு. சரி, போடல. போர்டும் வெயில்ல வெளுத்துப் போயி "சென்டர்"ங்கற எழுத்து மட்டும்தான் மிச்சம். பக்கத்துக் கடையில கடலை வறுத்துக்கிட்டே இருப்பாங்க, அந்த மணல் சட்டி சத்தம்தான் அடையாளம்.

முதல்ல கடையைப் பத்திச் சொல்லிடறேன். மூணு கம்ப்யூட்டர், அதுல ஒண்ணு வேலை செய்யாது, அது மேல முருகன் காலண்டரை மாட்டி வச்சிருக்காரு. ஜெராக்ஸ் 2 ரூவா, பிரிண்ட் 5, கலர் 15. பட்டா சிட்டா, வில்லங்கம், கரண்ட் பில், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், ஆதார் அட்ரஸ் மாத்தறது எல்லாம் பண்ணுவாரு. ஃபேன் ஒண்ணுதான், அதுவும் அவரு தலைக்கு மேல ஓடும், நமக்குக் காத்து வராது. கலர் பிரிண்ட் எடுத்தா சிவப்பு எல்லாம் ஆரஞ்சாத்தான் வரும், டோனர் மாத்தச் சொன்னா "அடுத்த மாசம்"பாரு, நானும் 2 வருஷமா கேக்குறேன், அந்த அடுத்த மாசம் இன்னும் வரல.

இதுக்கா ரிவ்யூன்னு கேப்பீங்க. இல்ல. போன ஆவணியில ஒரு சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷம்) ஊருக்கு வந்திருந்தேன், விசேஷ வீட்டுல எல்லாரும் பந்தியில இருக்கும்போது கோட்டையூர் அம்மான், அதாவது மாமா, என்னைத் தனியா முகப்புத் தூண் பக்கம் கூட்டிட்டுப் போயி போனைக் கையில கொடுத்து, "ஏப்பா, இதுல ஒரு சர்டிபிகேட் வந்திருக்கு, கலர்ல பிரிண்ட் எடுத்து லேமினேஷன் பண்ணணும், யார்கிட்டயும் வாயத் தொறக்காத, ஆச்சிக்கே இன்னும் சொல்லல"ன்னாக. ஆச்சின்னா அவக வீட்டுக்காரம்மா. 74 வயசு, சிங்கப்பூர்ல இருக்குற மகன் போட்டுக் கொடுத்த ஈமெயில், வீட்டுல எல்லாக் கணக்கும் இன்னமும் நோட்டுல எழுதற மனுஷன். நான் ஐடியில இருக்கேன்னுதான் பேரு, அன்னிக்கு சாப்பாட்டு அவசரத்துல அந்த மெயிலை நான் ஒழுங்காப் படிக்கக்கூட இல்ல, சரி வாங்க எடுத்துருவோம்னு கூட்டிட்டுப் போனேன். வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் உண்மையைச் சொல்லணும்ல.

அண்ணன் அந்த பிடிஎஃபைத் தொறந்தாரு, கை பிரிண்ட் பட்டன்கிட்ட போச்சு, நின்னுச்சு. கண்ணாடியை ஏத்திவிட்டு ஒருக்கா படிச்சாரு. அப்புறம் அம்மானைப் பாத்து சாதாரணமா கேட்டாரு, "ஐயா, சீட்டு எங்க வாங்குனீங்க?"

"சீட்டு வாங்கல தம்பி. உலகத்துல இருக்குற ஈமெயிலை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குலுக்கி எடுத்தாகளாம், அதுல நம்மளது விழுந்திருக்கு."

"எவ்வளவு?"

"8,50,000 பவுண்ட்." அம்மான் குரலைத் தாழ்த்திச் சொன்னாக, "நம்ம காசுக்கு 9 கோடிக்கு மேல வரும்."

அண்ணன் சிரிக்கல. இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, வேற எவனா இருந்தாலும் சிரிச்சிருப்பான், கிழவருக்கு ரோஷம் வந்து எந்திரிச்சுப் போயிருப்பாக, நேரா பேங்குக்குப் போயி டெபாசிட்டை உடைச்சிருப்பாக. இவரு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரச் சொல்லி, "நீங்க வட்டிக்கடை பாத்த குடும்பம். முதலே போடாதவனுக்கு வட்டி எழுதுன பேரேடு எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"ன்னு கேட்டாரு. அம்மானுக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு, ஆனாலும் விடல, "இது இங்கிலீஷ்காரன் விஷயம், அவன் முறையே வேற"ன்னாக.

அப்புறம்தான் அண்ணன் மானிட்டரை எங்க பக்கம் திருப்பி மெயிலைப் பிரிச்சுப் போட்டாரு. இதை விவரமா எழுதறேன், ஏன்னா நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு வர்ற மெயில் முக்காவாசி இதே அச்சுத்தான்.

அனுப்புனவன் பேரு பெருசா லண்டன் லாட்டரி ஹெட் ஆபீஸ்னு இருந்துச்சு. பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்குமே, அதை அமுக்கினாரு, உள்ள உண்மையான முகவரி வந்துச்சு, லாட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஏதோ ஒரு காலேஜோட ஈமெயில் மாதிரி இருந்துச்சு, யாரோடதையோ திருடி அனுப்பிருக்கான் போல. பதில் போட்டா போற முகவரி இன்னொண்ணு, அது சும்மா ஓசி ஜிமெயில். "9 கோடி கொடுக்குறவன் ஒரு சொந்த ஈமெயிலுக்குக் காசு கட்ட மாட்டானா ஐயா?" அந்த ஜிமெயில்ல @க்கு முன்னாடி இருக்குற பேருலயும் இங்கிலீஷ் எல் எழுத்து போட வேண்டிய எடத்துல 1ங்கற நம்பரைப் போட்டிருந்தான், எங்க கண்ணுக்குப் படவே இல்ல, அவரு எழுத்தைப் பெருசு பண்ணிக் காட்டினப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

அடுத்து, மெயில் "டியர் வின்னர்"னு ஆரம்பிக்குது. அம்மான் பேரு எங்கயுமே இல்ல. 9 கோடி கொடுக்கப் போறவனுக்கு வாங்கப் போறவன் பேரு தெரியல, நம்மகிட்டயே கேக்குறான்: பேரு, வயசு, பான் கார்டு, ஆதார், பேங்க் அக்கவுண்ட், ஒரு போட்டோ. அம்மான் அதெல்லாம் ஏற்கனவே அனுப்பிட்டாகன்னு அப்பத்தான் எனக்கே தெரியும். கீழ கொட்டை எழுத்துல இன்னொரு வரி, பரிசுப் பணம் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சொன்னா இன்னொருத்தன் உரிமை கொண்டாடிருவான்னு. அண்ணன் அந்த வரி மேல விரலை வச்சு, "இதாங்க ஐயா முக்கியமான வரி, ஆச்சிகிட்ட சொன்னா ஆச்சி ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்கன்னு அவனுக்குத் தெரியும்"னாரு. அம்மான் என்னைப் பாத்தாக, நான் சுவத்துல இருந்த ரேட் போர்டைப் பாத்தேன்.

ஆனா அம்மான் மலைபோல நம்பிக்கிட்டிருந்தது அந்த சர்டிபிகேட்டைத்தான். மேல ரிசர்வ் பேங்க் முத்திரை, கீழ கவர்னர் கையெழுத்து, நடுவுல வாட்டர்மார்க், பாக்க ஜம்முன்னு இருந்துச்சு. அண்ணன் ஜூம் பண்ணாரு. ரிசர்வ் பேங்க் முத்திரையில ஒரு புலியும் பனைமரமும் இருக்கும்ல, நோட்டுல பாத்தா நல்ல மெலிஞ்ச புலி. இவன் எங்கிருந்தோ படத்தை எடுத்து ரெண்டு பக்கமும் இழுத்து ஒட்டினதுல அந்தப் புலி பெருத்துப் போயி சினை மாடு மாதிரி நிக்குது, பனைமரம் குடை மாதிரி விரிஞ்சிருக்கு. கையெழுத்தும் வேற எங்கயோ வெட்டி ஒட்டினது, அதைச் சுத்தி லேசா சாம்பல் கட்டம் தெரியுது. அம்மான் சட்டைப் பையில இருந்து ஒரு 500 ரூவா நோட்டை எடுத்து, ஸ்கிரீன் பக்கத்துல வச்சு, ரெண்டு புலியையும் மாத்தி மாத்திப் பாத்தாக. அப்பத்தான் மூஞ்சி மாறுச்சு.

ரிசர்வ் பேங்க் தனி ஆளுக்கு அக்கவுண்டே வச்சுக்காது, லாட்டரிப் பணம் வந்திருக்குன்னு யாருக்கும் மெயில் போடாது, இதை அவங்களே பல தடவை எச்சரிக்கையா வெளியிட்டிருக்காங்க. அதை விட அண்ணன் இன்னொண்ணு சொன்னாரு, அது எனக்கே புதுசு: 2000த்துல வந்த அந்நியச் செலாவணி விதிப்படி, வெளிநாட்டு லாட்டரி சீட்டு வாங்க இங்கருந்து பணம் அனுப்பறதே தடை. அப்ப சீட்டு வாங்கியிருந்தாலும் வம்பு, வாங்கலன்னா விழுறதுக்கு வழியே இல்ல.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லணும், அம்மானை ஏமாளின்னு நினைச்சிராதீங்க. எங்க பக்கம் கடல் தாண்டி வர்ற பணம்னா அது நடக்காத கதை இல்ல. அம்மானோட ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போனவக. 1930கள் கடைசியில கீழ் பர்மாவுல முக்கியமான நெல்லு விளையற மாவட்டங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு நிலம் செட்டியார்க கையில இருந்துச்சு, அப்புறம் சண்டை, ஜப்பான்காரன், 1962ல ராணுவ ஆட்சி, எல்லாம் போச்சு. கோட்டையூர் வீட்டுப் பெட்டகத்துல இன்னமும் ரங்கூன் காலத்துக் காகிதம் ஒரு கட்டு இருக்கு, எந்தக் காலத்துலயாவது ஏதாவது வரும்னு பூச்சி அரிக்காம வசம்பு போட்டு வச்சிருக்காக. அந்த வீட்டுல வளந்த மனுஷனுக்கு, லண்டன்ல இருந்து சேர வேண்டிய பணம்னு ஒரு காகிதம் வந்தா மனசு எங்க போகும்? அவன் யாருக்கு அனுப்பறோம்னு தெரிஞ்சு அனுப்பல, லட்சம் பேருக்கு வலை வீசறான், இங்க வந்து சரியான குளத்துல விழுந்திருச்சு.

அந்த மெயில்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் கொட்டிக் கிடக்கு, இவ்வளவு தப்போட எழுதறவன் எப்படி ஏமாத்துவான்னு எனக்கும் தோணிருக்கு. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இருந்த கார்மாக் ஹெர்லி 2012ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, இந்த மாதிரி மெயில் ஏன் இவ்வளவு பச்சையாப் பொய்யின்னு தெரியற மாதிரி இருக்குன்னு. அவரு சொல்றது, சந்தேகப்படறவன் மொதல் வரியிலயே விலகிரணும், அப்பத்தான் அவனோட பேசி நேரம் வீணாகாது, மிச்சம் இருக்கறவன் நல்லா நம்பறவனா இருப்பான். அரிசியை முறத்துல புடைக்கிற மாதிரித்தான்.

சரி, அண்ணன் கதைக்கு வர்றேன். அடுத்து ஒரு வேஸ்ட் பிரிண்ட் பின்பக்கம் ஏணி மாதிரி கணக்குப் போட்டுக் காட்டினாரு. இப்ப கேக்குறது 24,500, கரன்சி மாத்தற சார்ஜ்னு. அதைக் கட்டினா அடுத்த வாரம் டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல செக் மாட்டிக்கிச்சும்பான், 68,000 மாதிரி கேப்பான். அதையும் கட்டினா கள்ளப்பணம் இல்லன்னு ஒரு சர்டிபிகேட், தீவிரவாதத்துக்கு சம்பந்தம் இல்லன்னு ஒரு சர்டிபிகேட், அது லட்சத்துல இருக்கும். ஒவ்வொரு படியிலயும் போட்ட காசை விட்றக்கூடாதேன்னு அடுத்த காசு போடுவோம். பணம் கட்டச் சொல்ற அக்கவுண்டைப் பாத்தா லண்டனும் இல்ல ரிசர்வ் பேங்கும் இல்ல, வேற ஸ்டேட்ல யாரோ ஒரு தனி ஆளோட சேவிங்ஸ் அக்கவுண்ட். கமிஷனுக்கு அக்கவுண்டை வாடகைக்கு விட்ட ஆளா இருக்கும்னாரு.

அம்மான் கடைசியா ஒரு கேள்வி கேட்டாக, "அப்ப நிஜ லாட்டரியில வரி கட்ட வேண்டியதில்லையா?" நல்ல கேள்வி. கேரளா லாட்டரியை எடுத்துக்கங்கன்னாரு. 2023 ஓணம் பம்பர் 25 கோடி திருப்பூர்க்காரங்க நாலு பேருக்கு விழுந்துச்சே, அவங்க வாளையாறு போயி காகிதச் சீட்டு வாங்கினவங்க. அந்தச் சீட்டுதான் ஆதாரம், பின்னாடி கையெழுத்துப் போட்டு குறிச்ச நாளைக்குள்ள கொடுக்கணும். 30 பர்சென்ட் வரியையும் ஏஜென்ட் கமிஷனையும் பரிசுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் கொடுப்பாங்க. முன்னாடி கட்டுன்னு ஒரு பைசா கேக்க மாட்டாங்க. கேரளா லாட்டரியை ஆன்லைன்ல விக்கறதே இல்ல, வாட்ஸ்அப்புல கேரளா பம்பர்னு வந்தாலும் அதுவும் இதே கும்பல் வேலைதான். "அவன் போன் பண்ணா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா, அந்த 24,500ஐ பரிசுலயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புன்னு. என்ன சொல்றான்னு பாருங்க."

போனும் வந்துச்சு, அன்னிக்கு சாயங்காலமே, பிளஸ் 44 70ன்னு ஆரம்பிச்ச நம்பர். அந்த 70 வரிசை எங்க வேணாலும் ஃபார்வர்ட் பண்ணிக்கிற நம்பராம், லண்டன் மாதிரி தெரியும், எடுக்கறவன் எங்க உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும். பட்டாசாலையில, அதாவது வீட்டுக் கூடத்துல, நான், அம்மான், ஆச்சி, மூணு பேரும் உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டோம். (ஆச்சிகிட்ட அதுக்குள்ள நான் சொல்லிட்டேன், அம்மான் என்னை இன்னும் மன்னிக்கல.) அவன் தேனா இங்கிலீஷ்ல பேசுறான். அம்மான் பழைய எஸ்எஸ்எல்சி இங்கிலீஷ்ல, நிறுத்தி நிதானமா, கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புன்னு சொன்னாக. கம்பெனி பாலிசி ஒத்துக்காதுன்னான். அப்ப 50,000மாக் கழிச்சுக்கன்னாக. அதுவும் முடியாதாம். அம்மான் விடல, 1 கோடி கழிச்சுக்க, 8 கோடி போதும்னாக. அவன் அரை நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் 'சார் யூ ஆர் நாட் சீரியஸ்'னு வச்சிட்டான். 24,500 ரூவாய்க்கு 1 கோடி தர்றேன்னாலும் வாங்க மாட்டேங்கறான்னா அந்தப் பக்கம் பெட்டி காலின்னு கணக்குப் பாத்த ஆளுக்குப் புரியாதா. ஆச்சி வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "பஸ் ஸ்டாண்டுல சீட்டு வித்த காலத்துல வாரா வாரம் வாங்குனாக, ஒரே ஒருதரம் 100 ரூவா விழுந்துச்சு. 2003ல தடை பண்ணாக, அதோட விட்டாகன்னு இருந்தேன். வாங்காத சீட்டுக்கு 9 கோடியாம்"னு சொல்லிட்டு உள்கட்டுக்குப் போயிட்டாக. மறுநா உடைக்கிறதா இருந்த டெபாசிட் 4 லட்சம்.

ஒரே ஒரு தப்பு பண்ணிட்டாக. அன்னிக்கு ராத்திரி கோவத்துல அந்த மெயிலுக்கு, நீ நாசமாப் போவன்னு தமிழ்லயே பதில் போட்டாக. பதில் போட்டா இந்த ஈமெயில்ல உசுரோட ஒரு ஆள் இருக்கான்னு அவனுக்கு உறுதி ஆயிரும், அடுத்த வாரத்துல இருந்து ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு லாட்டரி விழ ஆரம்பிச்சிருச்சு. திரும்பவும் அண்ணன்கிட்டதான் போனோம். ஜிமெயில்ல மூணு புள்ளியை அமுக்கி ஃபிஷிங்னு (ஏமாத்தற மெயில்னு) ரிப்போர்ட் பண்றதைப் பழக்கிவிட்டாரு. ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணி, பேங்க் பாஸ்வேர்டையும் அம்மானையே மாத்த வச்சாரு, அவங்க டைப் பண்ணும்போது இவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, இதையும் கவனிச்சேன். அன்னிக்கு வாங்குனது மொத்தம் 30 ரூவா. சர்டிபிகேட்டை மட்டும் கடைசி வரைக்கும் பிரிண்ட் எடுத்துத் தரல.

எல்லாருக்கும் இப்படி முடியல. அம்மான் பக்கத்து வளவுல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், அவருக்கும் இதே மாதிரிதான், 2 தவணை கட்டிட்டு யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் உள்ளுக்குள்ளயே புழுங்கிருக்காரு. அம்மான்தான் கூட்டிட்டு வந்தாக. அண்ணன் வேற வேலையை எல்லாம் ஓரமா வச்சிட்டு மொதல்ல சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் போட வச்சாரு, அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார். பணம் போன உடனே 1930க்கு சொன்னா அடுத்த அக்கவுண்டுக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க, ரெண்டு நாள் போனதுல முதல் தவணை கைவிட்டுப் போச்சு, ரெண்டாவதுல கொஞ்சம் மட்டும் ஹோல்டுல நின்னுச்சு. டிரான்ஸாக்ஷன் நம்பர், ஸ்டேட்மென்ட், மெயில் எல்லாம் கேட்டாங்க. மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு டெலீட் பண்ணிடாதீங்க, ஒரிஜினலை அப்படியே விடுங்க, அது எந்த வழியா வந்துச்சுங்கறது உள்ள இருக்கும்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ஒரு மாசம் கழிச்சு வாத்தியாருக்கு இன்னொரு போன், போன பணத்தை மீட்டுத் தர்றோம் சார், பைல் சார்ஜ் 5,000 மட்டும்னு. ஏமாந்தவங்க லிஸ்ட்டையே அவனுங்களுக்குள்ள வித்துக்குவானுங்க போல. இந்தத் தடவை வாத்தியார் போனை எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டாரு.

குறைன்னு பாத்தா நிறைய இருக்கு. உக்கார எடம் கிடையாது, அந்த ஒரு ஸ்டூல்தான். பொறுமை எல்லாம் பெரியவங்களுக்குத்தான், நம்ம வயசுக்காரங்க ஏதாவது கேட்டா "படிச்சவங்கதானே, பாத்து அடிங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லுவாரு. இப்படி ஒருத்தருக்கு மெயில் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சா பின்னாடி அப்ளிகேஷன் போட நிக்கிற பிள்ளைங்க பாடு திண்டாட்டம், கடைசித் தேதி அன்னிக்கு இங்க போறதை நம்பாதீங்க. போன வாரம் நான் நின்னப்ப ஒரு பூக்கார அம்மா வாட்ஸ்அப்புல வந்த 25 லட்சம் கேபிசி (அந்த இந்தி டிவி கோடீஸ்வரன் ஷோ) லாட்டரி ஆடியோவைப் போட்டுக் காட்டினாங்க, நம்பர் பிளஸ் 92ல, பாகிஸ்தான் கோடுல, ஆரம்பிச்சுச்சு, அவரு கேட்டது அதே கேள்விதான், "சீட்டு எங்கக்கா வாங்குனீங்க?" அந்தம்மா யோசிச்சு, "அதானே"ன்னுட்டு போனைக் கூடைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. என் முறை வர 40 நிமிஷம் ஆச்சு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். மத்தியானம் 1.30க்கு மூடினா 4 மணிக்குத்தான் தொறப்பாரு, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும். ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு ஆனா சில்லறையா கொடுத்தா சந்தோஷப்படுவாரு. வண்டியைக் கடலைக் கடை முன்னாடி நிறுத்தாதீங்க, அந்தம்மா கரண்டியோட வெளிய வந்துரும்.